மகராசிக்கு ஒரு மாஸ்டர்

டிரைவரின் காலில் போட்டிருந்த மாவுக்கட்டைப் பிரிக்கும் நாள் நெருங்க நெருங்க, அவர் மனைவிக்குப் பயம் கூடிக்கொண்டே போனது. மற்ற வீடுகளில் கட்டுப் பிரிக்கிற நாள் நல்ல நாள். இந்த வீட்டில் அப்படி இல்லை. "கட்டைப் பிரிச்ச மறுநாளே மகராசி மேல ஏறி உக்காருவேன்" என்று கட்டிலில் படுத்துக்கொண்டே சொன்னவர் அவர். அவர் ஒன்று சொல்லிவிட்டுச் செய்யாமல் விட்டதாக அந்தக் குடும்பத்தில் யாருக்கும் ஞாபகம் இல்லை.

மகராசி என்பது குதிரை. பழுப்பு நிறம், நெற்றியில் ஒரு வெள்ளைத் தீற்றல், வயதும் கொஞ்சம் ஆகிவிட்டது. டிரைவர் வேலை பார்த்த காலமெல்லாம் அவருடைய பஸ் போய் நிற்கும் கடைசி நிறுத்தத்துக்குப் பக்கத்தில் ஒரு குதிரை லாயம் இருந்தது. பஸ்ஸைத் திருப்பி நிறுத்திவிட்டு, டீயைக் கையில் வைத்துக்கொண்டு, வேலியில் சாய்ந்து குதிரைகளைப் பார்ப்பார். அந்தச் சில நிமிஷம்தான் அவருக்கு ஓய்வு. ஓய்வு பெற்ற அன்று, உடன் வேலை பார்த்தவர்கள் ஒரு சுவர்க்கடிகாரம் கொடுத்தார்கள். அதைக் கொண்டுவந்து மாட்டிய கையோடு லாயத்துக்குப் போய், சவாரிப் பள்ளியில் இனி வேண்டாம் என்று ஒதுக்கி வைத்திருந்த மகராசியை வாங்கிவிட்டார்.

"ரிடையர் ஆனா மனுஷங்க செடி வளப்பாங்க, பேரப்பிள்ளைங்களை வளப்பாங்க. எங்கண்ணன் குதிரை வளக்கறாரு. ராஜா வேஷம் போட்டா போதுமா, உக்காரத் தெரிய வேண்டாமா?" என்று அவருடைய தங்கை அப்போதே கேட்டாள். நாத்தனாரின் வாய் பொல்லாதது. ஆனால் இந்த ஒரு விஷயத்தில் அண்ணி அவள் கட்சி.

விழுந்தது ஒரு சாயங்காலம். லாயத்துக்கு வெளியே இருந்த சந்தில் டிரைவர் மகராசி மேல் ஏறி நடை போட்டுக்கொண்டிருந்தார். மனைவி சிமெண்ட் பெஞ்சில் பிளாஸ்க்கோடு உட்கார்ந்திருந்தாள். குப்பைத்தொட்டிக்குப் பின்னாலிருந்து ஒரு நாய் பாய்ந்தது. நாய் குரைத்துவிட்டுப் போய்விட்டது. குதிரை மட்டும் முன்னங்கால் இரண்டையும் தூக்கி வானத்துக்கு நின்றது. டிரைவர் மூட்டை மாதிரி பின்பக்கம் சரிந்தார். இடது கால் அவர் உடம்புக்கே அடியில் மாட்டிக்கொண்டது. கடவுள் புண்ணியத்தில் தலைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அன்றிலிருந்து கண்ணை மூடினால் அவளுக்கு ஆகாயத்தில் இரண்டு குளம்புகள் தெரிந்தன.

ஆஸ்பத்திரியில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அவர் கேட்டது ஒன்றுதான். "அவளை வித்துடாதே. நல்ல ஆளாப் பார்த்துப் பழக்கச் சொல்லு. அது போதும்."

"சரிங்க" என்றாள்.

சொன்ன வாய் மூடுவதற்குள் மனசு வேறு கணக்குப் போட்டுவிட்டது. நல்ல ஆளாகத்தானே பார்க்கச் சொல்கிறார்? பார்க்கலாம். குதிரைகளைப் பற்றித் தெரிந்த ஒருவர் வந்து, 'இது ஆபத்தான குதிரை, இதைப் பழக்க முடியாது' என்று சொல்லிவிட்டால், அப்புறம் விற்பதில் என்ன தப்பு? பொய்யும் இல்லை, வாக்குத் தவறியதும் இல்லை. பயந்த மனசின் சாமர்த்தியம் இது. நேர்வழியை விட்டு விலகாமலே ஒரு குறுக்குச் சந்தைக் கண்டுபிடித்துக்கொள்ளும். அவளைக் குறை சொல்ல முடியாது. அத்தனை வருஷம் ஒரே தலையணையில் பக்கத்தில் படுத்த மனிதரை மண்ணில் கிடக்கப் பார்த்தவள் அவள்.

முதலில் வந்தவர் பூட்ஸ்காரர். முழங்கால் வரைக்கும் பளபளவென்று பூட்ஸ் போட்டிருந்ததால் அவள் மனசுக்குள் அப்படித்தான் கூப்பிட்டாள். வந்தவுடன் சேணத்தைப் போட்டார், ஏறினார், மைதானத்தைச் சுற்றி வந்தார். மகராசி பள்ளிக்கூடம் போகிற பிள்ளை மாதிரி அடக்கமாகப் போனது. பூட்ஸ்காரர் லாயத்து ஆள் ஒருவரிடம் ஒரு தகர டப்பாவை எட்டி உதைக்கச் சொன்னார். அது உருண்டு சத்தம் போட்டபோது குதிரை காதை மட்டும் திருப்பியது.

"குதிரையில ஒரு குறையும் இல்லைம்மா. தங்கம்! உங்க வீட்டுக்காரருக்கு என்ன பயம்?" என்று சிரித்தார்.

அந்தச் சிரிப்பைக் கேட்டு அவளுக்கு வியர்த்தது. குறை இருந்தால் சரி செய்யலாம். குறையே இல்லாத குதிரை ஏன் அவரைத் தூக்கி எறிந்தது? அவர் கொடுத்த நம்பரைப் பையில் போட்டுக்கொண்டு வந்தாள், கூப்பிடவில்லை.

இரண்டாவது ஆளை நாத்தனார் பிடித்துக் கொடுத்தாள். அதிகம் பேசாதவர், வந்ததிலிருந்து தொப்பியைக் கழற்றாதவர். அவர் மகராசியைச் சுற்றிச் சுற்றி வந்தார். பல்லைப் பார்த்தார், முதுகைத் தடவினார். அவள் வேலியோரம் கூடவே நடந்தாள்.

"ஆபத்தான குதிரைதானே?" என்று கேட்டாள்.

"ம்ம்."

"ஒரு தடவை பின்னங்காலில் நின்னுடுச்சுன்னா பழகிடும்பாங்களே, மறுபடி நிக்குமாமே?"

"சில குதிரை நிக்கும்."

"அப்ப ஆபத்துதான். இல்லையா?"

தொப்பிக்காரர் நின்றார். தொப்பியைக் கழற்றி முழங்காலில் தட்டினார்.

"அம்மா, நீங்க வந்ததிலேர்ந்து ஆபத்து ஆபத்துன்னு எத்தனை தடவை கேட்டுட்டீங்க தெரியுமா? சொல்லணும்னா சொல்லிடறேன். எழுதிக்கூடக் கொடுக்கறேன். வாங்கறதுக்கு ஆளும் நானே பார்த்துடுவேன். ஆனா உங்க வீட்டுக்காரர் 'என்னப்பா பார்த்தே?'ன்னு என்னைக் கேட்டா, அவர் முகத்தைப் பார்த்து நான் என்ன சொல்றது?"

அவளுக்கு யாரோ சட்டென்று விளக்கைப் போட்டது மாதிரி இருந்தது.

அவர் அவளைக் குத்திக்காட்டவில்லை. பக்கத்தில் கிடந்த சாக்கின் மேல் அவளை உட்காரச் சொன்னார். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். குடித்து முடிக்கும்வரை வேறு எங்கோ பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஊருக்கு அந்தப் பக்கம் குதிரை பழக்கற ஒருத்தங்க இருக்காங்க. மாஸ்டர்னு கேட்டா தெரியும். எனக்கும் அவங்களுக்கும் ஆகாது, பேச்சுவார்த்தை நின்னு ரொம்ப நாளாச்சு. ஆனா விழுந்த ஆளைப் பார்க்காம அவங்க குதிரையைத் தொட மாட்டாங்க. உங்களுக்கு அவங்கதான் சரி. நான் அனுப்பினேன்னு மட்டும் சொல்லிடாதீங்க."

வீம்பை ஓரமாக வைத்துவிட்டு ஆகாதவரிடம் ஆளை அனுப்புவது பார்வைக்குச் சின்ன விஷயம். ஆனால் கடவுள் பல நேரம் இப்படிப்பட்ட சின்னச் சாவிகளால்தான் பெரிய பூட்டுகளைத் திறக்கிறார்.

மாஸ்டர் வந்து வாசலில் நின்றபோது டிரைவர் அவருக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். "மாஸ்டர் வரலையா?"

"நான்தான் சார்."

நரைத்த முடியை ஒட்ட வெட்டிய, குள்ளமான ஒரு பெண்மணி. சட்டைக் கையில் வைக்கோல் ஒட்டியிருந்தது. டிரைவர் கட்டுப்போட்ட காலை ஸ்டூலில் நீட்டி, நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நன்றாக இருந்த வலது கால் தரையில் இருந்தது. மாஸ்டர் குதிரையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. எந்த ரூட் ஓட்டினீங்க, அந்தப் பாலத்துத் திருப்பத்தில் எப்படித் திருப்புவீங்க, மழைநாளில் என்ன பண்ணுவீங்க என்றே கேட்டுக்கொண்டிருந்தார். டிரைவருக்கு உற்சாகம் வந்துவிட்டது. கையில் இல்லாத ஸ்டியரிங்கை வளைத்து வளைத்துக் காட்டினார்.

மனைவி சமையலறை வாசலில் நின்று முந்தானையை முறுக்கிக்கொண்டிருந்தாள். இந்தம்மா எதுக்கு ஊர்க்கதை பேசுகிறாள்? கட்டுப் பிரிக்க இன்னும் கொஞ்ச நாள்தானே இருக்கிறது?

அப்போது காற்றில் பின்கதவு படாரென்று அடித்துக்கொண்டது.

மாஸ்டர் கதவைப் பார்க்கவில்லை. டிரைவரின் காலைப் பார்த்தார். பேச்சு அப்படியே நின்றது. பிறகு எழுந்து சமையலறைக்கு வந்து, அவள் காதோரம், "அக்கா, கொஞ்ச நேரம் கழிச்சு அந்தக் கதவை இன்னொரு தடவை பலமா சாத்துங்க. சொல்லாம சாத்துங்க" என்றார்.

அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் பேச்சு மறுபடி சூடு பிடித்தபோது கதவை இழுத்துச் சாத்தினாள். அடுக்கியிருந்த தட்டுகள் அதிர்ந்தன.

டிரைவரின் வலது கால் தரையை அழுத்தி மிதித்தது. செருப்பு வழுக்கிக்கொண்டு போய் அலமாரிக்கு அடியில் நின்றது. இரண்டு கையும் மடியில் எதையோ இறுகப் பிடித்து இழுத்தன.

"ஏய், என்ன விளையாட்டு இது! மனுஷனுக்கு உயிரே போயிடுச்சு!"

மாஸ்டர் குனிந்து செருப்பை எடுத்து வந்து அவர் காலருகே வைத்தார்.

"சார், இந்தக் கால் எத்தனை பேரைக் காப்பாத்தியிருக்கும்?"

"என்னது?"

"நாய் குறுக்கே வந்திருக்கும், சைக்கிள் வந்திருக்கும், பந்தை எடுக்கக் குழந்தை ஓடி வந்திருக்கும். நீங்க யோசிக்கறதுக்கு முன்னாடியே இந்தக் கால் மிதிச்சிருக்கும். அன்னைக்கும் மிதிச்சிருக்கு, குதிகால் அவ விலாவுல அழுந்தியிருக்கு. ஆனா குதிரைக்கு அங்கே பிரேக் இல்லை சார். குதிகாலால அழுத்தினா 'ஓடு'ன்னு அர்த்தம். அப்படித்தான் அவளுக்குச் சின்ன வயசிலேர்ந்து சொல்லிக்கொடுத்திருக்காங்க. நீங்க காலால ஓடுன்னு சொல்லிட்டு, கையால கடிவாளத்தை இழுத்து நில்லுன்னு சொல்லியிருக்கீங்க. முன்னாடியும் போக முடியாது, நிக்கவும் முடியாது. பாவம், எங்கே போவா? மேலதான் போனா."

டிரைவர் தன் வலது காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப தப்பு அவ மேல இல்லை. என் மேல."

"தப்புன்னு யாரு சார் சொன்னா? உங்க கால் அதுக்குத் தெரிஞ்ச நல்ல காரியத்தைத்தான் பண்ணிச்சு."

"காலை மாத்திப் பழகிக்கறேன். நீங்க சொல்லிக்கொடுங்க."

"பயம் வர்ற நேரத்துல புதுசாப் படிச்சது ஒண்ணும் ஞாபகம் வராது சார். உங்க காலை மாத்த வேண்டாம். அவளுக்கு மாத்திச் சொல்லிக்கொடுக்கலாம். வலது குதிகால் அழுந்தினா நில்லுன்னு அர்த்தம். போறதுக்கு நாக்கைச் சொடுக்கினா போதும். வயசான குதிரை, ஆனா புத்திசாலி. கத்துக்குவா."

டிரைவரின் முகம் மலர்ந்தது. ஆனால் மாஸ்டர் அவரை விட்டுவிட்டு மனைவியின் பக்கம் திரும்பினார்.

"அக்கா, ஒரு விஷயம் இருக்கு. நீங்கதான் சொல்லணும். இப்படி ஒரு தடவை பழக்கிட்டா, அப்புறம் இவளை வேற யாருக்கும் கொடுக்க முடியாது. வேற ஆள் ஏறி, ஓடட்டும்னு குதிகாலை வெப்பாங்க. இவ டக்குன்னு நிப்பா. அவங்க முன்னாடி போய் விழுவாங்க. மனசாட்சி உள்ளவங்க அதுக்கப்புறம் இவளை விக்க மாட்டாங்க. யோசிச்சுச் சொல்லுங்க."

அவள் தலையை ஆட்டினாள். அந்தக் குறுக்குச் சந்தின் வாசலிலேயே போய் நின்று, இதை மூடட்டுமா என்று கேட்கிறாள் இந்தப் பெண்மணி!

மறுநாள் அவள் வேலைக்குப் போனாள். ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் சட்டம் பொருத்துகிற வேலை. ஊசிமுனை அளவுத் திருகாணி இரண்டு முறை கீழே விழுந்தது. விற்கிற வழி இருக்கும்வரை ஒரு தைரியம் இருந்தது. இன்றைக்கு இல்லாவிட்டால் நாளைக்கு விற்கலாம். அதையும் விட்டுக்கொடுத்துவிட்டு, அவர் மறுபடி விழுந்தால்? அந்தக் குதிரை கற்றுக்கொண்டதை மறந்துவிட்டால்? 'கடவுளே, நீயே ஏதாவது ஒரு வழியை அடைச்சிடு. என்னைக் கேக்காதே' என்று வேண்டிக்கொண்டாள். கடவுள் அடைக்கவில்லை. அவருக்குப் பிள்ளைகளைக் கேட்டுச் செய்வதுதான் பிடிக்கும் போலிருக்கிறது.

மதியம் ஒரு வாடிக்கையாளர் வந்தார். அவருக்கு ஒரு காது கொஞ்சம் இறங்கியிருக்கும். எந்தக் கண்ணாடி போட்டாலும் ஒரு பக்கம் சாயும். அவள் வழக்கம்போலச் சட்டத்தைச் சூடு காட்டி, காதில் மாட்டும் ஒரு காம்பை மட்டும் கீழே வளைத்து, அவர் முகத்தில் வைத்துப் பார்த்தாள். நேராக நின்றது.

"இதை வேற யாராவது போட்டா கோணலா இருக்கும்ல?" என்றார் அவர் சிரித்துக்கொண்டே.

"வேற யாரு போடப் போறா? உங்க கண்ணாடி சார்" என்றாள். சொன்ன பிறகு கொஞ்ச நேரம் கையில் இருந்த துணியால் வெறும் மேஜையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் வீட்டுக்குப் போனதும், செருப்பைக்கூடக் கழற்றாமல் அவர் எதிரில் உட்கார்ந்தாள்.

"என்னங்க, உங்ககிட்ட சரின்னு சொல்லிட்டு, விக்கத்தான் ஆள் தேடினேன்."

"தெரியும்."

"தெரியுமா?"

"என் தங்கச்சி பிடிச்ச ஆள் பழக்கறதுக்கா வருவான்? அதான் கட்டைப் பிரிச்ச மறுநாளே ஏறுவேன்னு நானும் முறுக்கிக்கிட்டிருந்தேன். நீ விக்கறதுக்குள்ள முந்திக்கணுமே." அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னார். "எனக்கும் பயம்தான். தூக்கத்துல விழுந்துக்கிட்டே இருக்கேன். உன்கிட்டச் சொன்னா 'அப்ப வித்துடலாம்'னு சொல்லிடுவியேன்னு சொல்லலை."

இத்தனை நாளும் ஒரே பயத்தை ஆளுக்குப் பாதியாகப் பங்கு போட்டுக்கொண்டு, ஒருவருக்குத் தெரியாமல் மற்றவர் சுமந்திருக்கிறார்கள். அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன. மாஸ்டருக்குப் போன் போட்டாள். "பழக்குங்க" என்றாள். அவ்வளவுதான்.

கட்டைப் பிரித்தார்கள். மறுநாள் டிரைவர் ஏறவில்லை. கம்பை ஊன்றிக்கொண்டு வேலிப்பக்கம் வந்து நின்று பார்த்தார். மாஸ்டர் தானே ஏறி, தானே வலது குதிகாலை அழுத்தி, மகராசி நின்றவுடன் கழுத்தைத் தட்டிக்கொடுப்பார். முதலில் குதிரை குழம்பியது, முன்னால் பாய்ந்தது, தலையை உதறியது. அது பாய்ந்த ஒவ்வொரு முறையும் அவளுடைய மூச்சு நின்று வந்தது. ஒரு வாரம் தேறியது போலிருக்கும், அடுத்த வாரம் பழையபடி ஓடும். "இது கத்துக்காது" என்று ஒருநாள் அவள் வாய்விட்டே சொல்லிவிட்டாள்.

"நாம சொன்னதையே நாமளே தப்புங்கறோம். அவ குழம்பத்தான் செய்வா. கோவிச்சுக்கலை பாருங்க" என்றார் மாஸ்டர்.

அவள் பார்த்தாள். உண்மைதான், குதிரையிடம் கோபம் இல்லை. ஒவ்வொரு முறையும் காதைப் பின்னால் திருப்பி, 'இப்ப என்ன சொன்னே?' என்று கேட்பது போலத்தான் நின்றது.

கடைசியில் டிரைவர் ஏறும் நாள் வந்தது. லாயத்தில் இருந்த இரண்டு பேர் கை கொடுத்து ஏற்றினார்கள். அவர் தலைக்கவசத்தின் வாரை அவளே இழுத்துக் கட்டினாள். அவிழ்த்து இன்னொரு தடவை கட்டினாள்.

"தொண்டையை நெரிக்காதே. குதிரையால சாகலைன்னாலும் இதால செத்துடுவேன்."

"அபசகுனமாப் பேசாதீங்க!"

மாஸ்டர் குதிரையின் தலைப்பக்கம் கயிற்றோடு நின்றுகொண்டு, ஒரு காலி வாளியையும் ஒரு கட்டையையும் அவளிடம் நீட்டினார்.

"நாங்க நடக்கும்போது நீங்க தட்டணும் அக்கா. அவர் எதிர்பார்க்காத நேரமாப் பார்த்து."

"நானா? ஐயோ, என்னால முடியாது. வேற யாரையாவது தட்டச் சொல்லுங்க."

"வேற யாரா இருந்தாலும் விளையாட்டாத் தட்டுவாங்க. உங்களைவிடப் பயந்து, அளவாத் தட்டறதுக்கு இங்கே ஆள் இல்லை."

டிரைவர் நாக்கைச் சொடுக்கினார். மகராசி நடந்தது. அவள் வேலிக்குள் கொஞ்சம் தள்ளி நடந்தாள். கட்டை கையில் வழுக்கியது. தட்டலாம் என்று நினைப்பாள், தட்ட மாட்டாள். ஒரு சுற்று முடிந்தது. இன்னொரு சுற்றும் முடிந்தது. 'அவர் அது மேல ஏறவே கூடாது' என்றுதான் அவள் இத்தனை நாளும் கடவுளிடம் கேட்டிருந்தாள். இப்போது என்ன கேட்பது என்று தெரியவில்லை. 'அவங்க ரெண்டு பேரும் ஒருத்தர் சொல்றது ஒருத்தருக்குப் புரியணும்' என்று கேட்டுக்கொண்டாள். கண்ணை மூடிக்கொண்டு வாளியை அடித்தாள்.

சத்தம் அவள் நினைத்ததைவிடப் பெரிதாக வந்தது. கண்ணைத் திறந்தபோது டிரைவரின் வலது குதிகால் குதிரையின் விலாவில் அழுந்தியிருந்தது. கைகள் கடிவாளத்தை இழுத்திருந்தன. அவர் கண் இரண்டையும் இறுக மூடியிருந்தார்.

மகராசி நின்றுகொண்டிருந்தது. நான்கு காலும் மண்ணில் இருந்தன. வயிறு வேகமாக ஏறி இறங்கியது, தோல் நடுங்கியது. அதற்கும் பயம்தான். ஆனாலும் அசையவில்லை.

டிரைவர் மெல்லக் காலைத் தளர்த்தினார். கண்ணைத் திறந்து முதலில் மண்ணைப் பார்த்தார், பிறகு மனைவியைப் பார்த்தார்.

அவள் வாளியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கிட்டே போனாள்.

"பயமா இருக்குதாங்க?"

"இருக்கு" என்றார் அவர். குதிரையின் கழுத்தைத் தடவிக்கொண்டே, "நீ இன்னொரு தடவை தட்டு" என்றார்.

அவள் கட்டையை மறுபடி ஓங்கினாள். இந்த முறை கண்ணை மூடவில்லை.